இறுகிப்போன கியர் குமிழ்: பழைய கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என்னிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. அறுபதுகளின் கடைசியில் வண்டலூர் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த வண்டி. அதன் கியர் லிவரின் தலையில் இருந்த கறுப்புக் குமிழைக் கழற்ற எனக்கு பதினோரு நாள் ஆனது. குமிழ் முழுதாக வந்தது, இன்றும் அதே வண்டியில் அதே குமிழ்தான். அதற்கப்புறம் பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருந்ததால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதி, பதிலையும் சேர்த்து இங்கே வைத்திருக்கிறேன்.

கியர் நாப்பை எதுக்கு சார் கழற்றணும்? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே?

காரணம் இல்லையென்றால் தொடவே வேண்டாம். இதை மனதாரச் சொல்கிறேன். ஐம்பது அறுபது வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் பொருளைச் சும்மா அசைத்துப் பார்ப்பதில் லாபம் எதுவும் கிடையாது.

ஆனால் பெரும்பாலும் காரணம் இருக்கும். லிவரின் அடியில் உள்ள ரப்பர் உறை கிழிந்து, கீழேயிருந்து புகையும் சூடும் வண்டிக்குள் வரும். புது உறையை மேலேயிருந்துதான் மாட்ட முடியும், குமிழ் தடுக்கும். அல்லது தரைவிரிப்பு மாற்றுகிறீர்கள், லிவருக்குக் குரோம் பூச்சு போடுகிறீர்கள், குமிழிலேயே விரிசல் விட்டிருக்கிறது. இப்படி ஏதாவது ஒன்று இருந்தால்தான் மேலே படியுங்கள்.

எந்தப் பக்கம் திருப்பணும்? தப்பான பக்கம் திருப்பி இன்னும் இறுக்கிட்டேனோன்னு பயமா இருக்கு.

ஏறக்குறைய எல்லா வண்டிகளிலும் சாதாரண வலமரைதான். குமிழின் தலைக்கு நேர் மேலிருந்து பார்த்து, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் கழலும். குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஸ்டீயரிங் பக்கத்தில் லிவர் உள்ள வண்டிகளில். அங்கே லிவர் படுத்திருக்கும். குமிழின் நுனி உங்கள் முகத்தைப் பார்க்கும்படி தலையைக் கொண்டுபோய், அந்த இடத்திலிருந்து கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி கணக்குப் போட்டால் தப்பும்.

தவறான பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டோமே என்ற பயம் வேண்டாம். முதலில் ஒரு துளி இறுக்கி, பிறகு தளர்த்துவது என்பதே பட்டறையில் தெரிந்தவர்கள் செய்கிற வேலை. துருவின் பிடி எந்தப் பக்கம் உடைந்தாலும் உடைந்ததுதான்.

அது மரைதானா, இல்ல சும்மா செருகி வச்சதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். உடைந்த குமிழ்களில் பலவும் தவறான முறையில் கழற்றப்பட்டவை. மரையில் நிற்பதைப் பிடித்து மேலே இழுத்திருப்பார்கள், ஊசி போட்டு நிறுத்தியதைப் பிடித்துத் திருகியிருப்பார்கள்.

ஒரு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு குமிழின் அடியைப் பாருங்கள். அங்கே ஒரு மெல்லிய நட்டு லிவரோடு ஒட்டி நின்றால் அது லாக் நட்டு. குமிழும் நட்டும் ஒன்றையொன்று எதிர்த்து இறுகியிருக்கும், நட்டைக் கீழ்நோக்கித் தளர்த்தாமல் குமிழ் அசையாது. அம்பது வருஷ அழுக்கிலும் பெயின்டிலும் அது லிவரின் ஒரு பகுதி போலவே தெரியும், அதனால் சுரண்டிப் பாருங்கள். அடுத்து குமிழின் கழுத்தைச் சுற்றிலும் விரலால் தடவுங்கள். சின்னக் குழி தட்டுப்பட்டால் உள்ளே தலையில்லாத திருகு இருக்கலாம், ஆலன் சாவி கேட்கும். இரண்டு பக்கமும் நேருக்கு நேர் குழி இருந்தால் அது குறுக்கே அடித்த ஊசி. தலையில் கியர் படம் போட்ட வட்டமோ கம்பெனிச் சின்னமோ தனியாகத் தெரிந்தால் அதன் கீழே ஒரு நட்டு ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. பிளாஸ்டிக் சீவலால் அதை நெம்பி எடுக்க வேண்டும், இரும்பால் அல்ல.

இவை எதுவும் இல்லையென்றால் மிச்சம் இரண்டுதான்: நேரடி மரை, அல்லது ரப்பர், பிளாஸ்டிக் புஷ்ஷோடு (உள்ளே வைக்கும் வளையம்) அழுத்திச் செருகியது. குமிழைப் பிடித்து மெதுவாக இருபக்கமும் முறுக்குங்கள். ரப்பர்போலக் கொஞ்சம் இழைந்து திரும்பி வந்தால் செருகியது. கல்லில் கட்டியதுபோல் நின்றால் மரை.

செருகினதுன்னா பலமா மேல இழுத்துட வேண்டியதுதானே?

இழுக்கலாம். ஆனால் லிவருக்கு மேலே உங்கள் முகம் இருக்கக் கூடாது. பிடி விட்டதும் குமிழ் கையோடு மேலே பாயும், பல்லில் படும், கண்ணாடியில் படும். முகத்தைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு, ஒரு கையால் குமிழைப் பிடித்து இன்னொரு கையால் அந்தக் கைக்குத் தடை போட்டு இழுங்கள். அதைவிட நல்லது, லிவரைச் சுற்றித் துணி கட்டி, குமிழின் அடியில் இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பேனர் வாயைக் கொடுத்துச் சமமாக நெம்புவது. ரப்பர் புஷ் என்றால் முன்னதாகச் சோப்புத் தண்ணீர் விடுங்கள், எண்ணெய் விட்டால் ரப்பர் ஊதும்.

இனி வரும் கேள்விகள் எல்லாம் மரைக் குமிழைப் பற்றியவை.

கையால முழுசா முயற்சி பண்ணிட்டேன். பைப் ரெஞ்ச் போடலாமா?

குமிழின் மேல் பைப் ரெஞ்ச் வேண்டாம். பல் பதிந்த இடம் பதிந்ததுதான், பேக்கலைட் என்ற பழைய கெட்டிப் பிளாஸ்டிக் என்றால் பதியக்கூடச் செய்யாது, நேராகப் பிளக்கும். எண்ணெய் ஃபில்டர் கழற்றுகிற பெல்ட் ரெஞ்ச் இருந்தால் அது சரியான கருவி. இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் குமிழில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் கையால் பிடியுங்கள். வெறும் கைக்கு வழுக்குகிற குமிழ் பல, இந்த ஒரு ரப்பர்த் துண்டுக்கே வந்துவிடுகின்றன.

இதைவிட முக்கியம் லிவரைப் பிடிப்பது. நீங்கள் குமிழைத் திருப்பும்போது அந்த விசை முழுவதும் லிவர் வழியாகக் கியர்பாக்ஸின் மூடிக்குள் இறங்குகிறது. அங்கே இருக்கும் சின்ன ஊசிகளும் நைலான் புஷ்களும் இந்தத் திருகலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் குமிழுக்குக் கீழே லிவரில் மெல்லிய அலுமினியத் தகடோ தோலோ சுற்றி, அதன் மேல் வைஸ் கிரிப் (கவ்விப் பூட்டிக்கொள்ளும் குறடு) போடுங்கள். ஒரு கை குமிழை ஒரு பக்கம் திருப்ப, மறு கை வைஸ் கிரிப்பை எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். இரண்டு விசையும் ஒன்றையொன்று தின்றுவிடும், கியர்பாக்ஸுக்கு எதுவும் போகாது. ஆள் துணை இருந்தால் இன்னும் சுலபம்.

ஒரு சாதாரணக் குமிழ், அதுல பெரிய சுமையும் இல்ல. ஏன் சார் இப்படிப் பிடிக்குது?

கை வியர்வை. அதில் உப்பு இருக்கிறது. வருஷக்கணக்காகக் குமிழின் வழியே இறங்கி லிவர் சேரும் இடத்தில் தங்குகிறது. லிவர் இரும்பு, குமிழுக்குள் பதித்திருக்கும் மரைக்குழாய் பெரும்பாலும் பித்தளை அல்லது இரும்பு. இரும்பின் துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். மரையின் இடுக்கு முழுவதையும் அடைத்துக்கொண்டு உள்ளேயே ஆப்பு அடித்ததுபோல் ஆகிவிடும். கடலோர ஊர்களில் காற்றே உப்பு, அங்கே வேகம் இன்னும் அதிகம்.

அலுமினியக் குமிழ் நேராக இரும்பு லிவரில் ஏறியிருந்தால் கதை வேறு. இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்பு ஈரம். அங்கே அரிப்பது அலுமினியம்தான், வெள்ளைப் பொடியாக. அந்தப் பொடி சிமெண்ட் போல் பிடிக்கும். இவை தவிர முந்தைய சொந்தக்காரர் பசை போட்டிருக்கலாம், பொருந்தாத மரையில் அடித்து ஏற்றியிருக்கலாம். அந்த இரண்டுக்கும் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

துரு எண்ணெய் அடிச்சேன் அண்ணா. ரெண்டு நாளா அடிக்கிறேன். ஒரு மயிரிழைகூட அசையல.

எண்ணெய் எங்கே போயிற்று என்று பாருங்கள். தரையில் நிற்கும் லிவரில் குமிழின் வாய் கீழ்நோக்கி இருக்கிறது. நீங்கள் அடித்த எண்ணெய் லிவர் வழியாக ஒழுகி ரப்பர் உறைக்கும் தரைவிரிப்புக்கும் போய்விட்டது. மரைக்குள் மேல்நோக்கி ஏறியது மிகக் கொஞ்சம். பல பேர் தோற்பது இங்கேதான், எண்ணெயின் தரத்தில் அல்ல.

நான் செய்தது இது. பருத்தி நூலைக் குமிழும் லிவரும் சேரும் இடத்தில் நெருக்கமாகப் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றினேன், விளக்குத் திரி மாதிரி. அதை எண்ணெயில் ஊறவைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி நூலால் கட்டினேன். எண்ணெய் ஓடிப்போக வழியில்லாமல் இடுக்கு வழியே மெல்ல மேலே ஏறும். காலையும் மாலையும் நூலில் சில துளி விட்டு, லிவரை ஒரு மரக் கட்டையால் இலேசாகத் தட்டுவேன். குமிழைத் தட்டக் கூடாது, லிவரை மட்டும். பதினோரு நாளில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது, அவற்றில் நான் உழைத்த நேரம் மொத்தம் ஒரு மணி கூட இருக்காது.

லிவரையே வண்டியிலிருந்து எடுக்க முடிந்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. தலைகீழாகத் தொங்கவிட்டு, குமிழின் வாயில் எண்ணெய் விட்டு வையுங்கள். புவியீர்ப்பு உங்கள் பக்கம் வந்துவிடும்.

எந்த எண்ணெய் நல்லது? எங்க மெக்கானிக் பிரேக் ஆயில் போதும்னாரு. அசிட்டோன் கலந்தா பிரமாதம்னு ஒருத்தர் சொன்னாரு.

துரு இளக்கவென்றே விற்கிற எண்ணெய் நல்லது. டபிள்யூ.டி.-40 எல்லா வீட்டிலும் இருக்கிறது, அது ஈரத்தை விரட்ட 1953-இல் உருவானது, துருவுக்குள் ஊடுருவுவதில் அதைவிட நல்லவை உண்டு. டீசலும் மண்ணெண்ணெயும் மெதுவாக வேலை செய்யும், ஆனால் செய்யும். வண்டிக்குள் வாடை நாள்கணக்கில் நிற்கும், அதுதான் குறை.

பிரேக் ஆயில் பெயின்டைத் தின்னும். லிவரிலும் டாஷ்போர்டிலும் அசல் பெயின்ட் இருக்கும் வண்டியில் நான் அதைக் கிட்டே கொண்டுபோக மாட்டேன். அசிட்டோன் கலந்த எண்ணெய் உலோகத்துக்கு உலோகம் என்றால் நன்றாக வேலை செய்யும். குமிழ் பிளாஸ்டிக் என்றால் அது குமிழையே கரைக்கும், மேற்பரப்பு பிசுபிசுத்து மங்கிவிடும். எந்தப் பொருள் என்று நிச்சயமாகத் தெரியாதவரை அசிட்டோன் வேண்டாம்.

சூடு பண்ணினா இளகிடும்னு சொல்றாங்களே?

அலுமினியக் குமிழுக்கு இது மிக நல்ல வழி. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 10 மி.மீ. விட்டமுள்ள மரையை அறைச் சூட்டிலிருந்து 80 டிகிரி ஏற்றினால், இரண்டுக்கும் நடுவே சுமார் 9 மைக்ரான் இடைவெளி கூடுதலாகக் கிடைக்கும். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், ஆனால் துருவின் பிடியை உடைக்க அது பெரிய உதவி. கொதிக்கும் தண்ணீரில் முக்கிய துணியைக் குமிழில் சுற்றிச் சுற்றி மாற்றினாலே போதும். கையுறை போட்டுக்கொண்டு, சூடு லிவருக்கு இறங்கும் முன் திருப்புங்கள்.

பேக்கலைட், பிளாஸ்டிக், மரம் இவை சூட்டை உள்ளே விடாது. வெளியே கருகும்போதும் உள்ளே மரை குளிர்ந்தே இருக்கும். இவற்றுக்கு வெந்நீர்த் துணியும் ஹேர் டிரையரும் எல்லை. ஹீட் கன் 500 டிகிரி வரை போகும், கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை, நம் குமிழ் அதைத் தாங்காது. மிதமாகச் சூடாக்கி, ஆறவிட்டு, ஆறும்போது எண்ணெய் விடுங்கள். சுருங்கும் இடுக்கு எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதை நாலைந்து தடவை செய்வது ஒரே தடவை அதிகமாகச் சூடேற்றுவதைவிட எவ்வளவோ மேல்.

நெருப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய வண்டியின் உள்ளே பெட்ரோல் ஆவி, எண்ணெயில் ஊறிய விரிப்பு, பஞ்சு இருக்கை. ஒரு பட்டறையில் கேஸ் விளக்கால் ஐம்பதுகளின் குமிழ் ஒன்றைச் சூடாக்கியதை நேரில் பார்த்தேன். பத்து நொடியில் குறுக்கே பிளந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

என்னுது பேக்கலைட்டா பிளாஸ்டிக்கான்னு எப்படித் தெரியும்?

பேக்கலைட் 1907-இல் லியோ பேக்லாண்ட் கண்டுபிடித்தது. ஒருமுறை அச்சில் இறுகிவிட்டால் மறுபடி உருகாது, ஆனால் கண்ணாடிபோல் உடையும். கார்க் குமிழ்களில் பெரும்பாலும் கறுப்பு அல்லது அடர் பழுப்பு. கட்டைவிரலால் சூடேறும்வரை அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள், கார்பாலிக் சோப்பை நினைவூட்டும் மருந்து வாடை வரும். விரலால் சுண்டினால் கட்டையான ஓசை.

தந்த நிறத்திலோ வெளிர் பச்சையிலோ இருந்தால் பெரும்பாலும் வேறு பிளாஸ்டிக். தேய்க்கும்போது கற்பூர வாடை வந்தால் அது செல்லுலாய்டு. எளிதில் தீப்பற்றும். அதற்கு வெந்நீரைத் தாண்டி எந்தச் சூடும் கூடாது.

முன்னாடி ஓனர் லாக்டைட் போட்டிருப்பார்னு சந்தேகம். என்ன பண்றது?

லாக்டைட் என்பது மரை கழலாமல் பிடிக்கிற பசை. மரையின் ஓரத்தில் நீலமாகவோ சிவப்பாகவோ காய்ந்த பொடி தெரிகிறதா பாருங்கள். நீலம் என்றால் பயமில்லை, சாதாரணக் கருவிக்கே உடையும், திடமான ஒரே விசையாகக் கொடுங்கள். சிவப்பு என்றால் அதன் பிடி தளர ஏறக்குறைய 250 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டைப் பேக்கலைட்டோ மரமோ தாங்காது என்பதை மேலே பார்த்தோம்.

அங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும், லிவரா குமிழா என்று. குமிழ் அரியது என்றால் அதை விட்டுவிட்டு லிவரைக் குமிழுக்குக் கீழே அறுத்து, லேத் பட்டறையில் உள்ளே இருக்கும் துண்டைக் கடைந்து எடுக்கச் சொல்லலாம். லிவருக்குப் புதுத் தலை வைத்துப் பற்றவைப்பது நல்ல லேத்காரருக்குச் சாதாரண வேலை. உடைந்த பேக்கலைட்டை ஒட்டவைப்பது யாருக்கும் சாதாரண வேலை இல்லை.

குமிழ் சுத்துது சார், ஆனா மேல வர மாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு.

குமிழுக்குள் பதித்த பித்தளைக் குழாய் பிடி விட்டுவிட்டது. குழாய் லிவரோடு ஒட்டியிருக்க, குமிழ் மட்டும் அதைச் சுற்றுகிறது. மரக் குமிழ்களில் இது அதிகம், பசை காய்ந்து விடும். இனி எவ்வளவு சுற்றினாலும் குமிழின் உட்பக்கம் தேய்வதுதான் மிச்சம், உடனே நிறுத்துங்கள்.

குழாயின் விளிம்பு கீழே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் வைஸ் கிரிப்பால் அதைப் பிடித்துத் திருப்புங்கள். நீட்டவில்லையென்றால் முதலில் குமிழை மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள், பசை முழுவதும் விட்டிருந்தால் குழாயை லிவரில் விட்டுவிட்டுக் குமிழ் மட்டும் வந்துவிடும். அதுவே நல்ல விஷயம், அப்புறம் குழாயைத் தனியாகச் சூடு காட்டிக் கழற்றி, எபாக்ஸி வைத்துத் திரும்பப் பதிக்கலாம்.

இரண்டும் நடக்காவிட்டால், குமிழின் கழுத்தில் கண்ணில் படாத பக்கமாக 3 மி.மீ. ஓட்டை ஒன்று குழாயைத் தொடும்வரை போட்டு, அதில் ஒரு சிறு திருகை இறக்கிக் குமிழையும் குழாயையும் பூட்டுங்கள். இப்போது இரண்டும் சேர்ந்து திரும்பும். இடுக்கில் ஃபெவிகுவிக் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது குழாய்க்கும் குமிழுக்கும் நடுவில் மட்டும் போகும் என்று யார் உத்தரவாதம் தருவது? லிவர் மரைக்குள் போனால் வேலை இரட்டிப்பு.

அம்பாசிடர், பத்மினி மாதிரி ஸ்டீயரிங்ல கியர் இருந்தா?

மரையின் விதிகள் ஒன்றுதான், சுற்றுப்புறம் வேறு. இந்த லிவர்கள் மெலிந்தவை, ஸ்டீயரிங் தண்டின் பக்கத்தில் ஒரு ஊசியில் நிற்பவை. குமிழைத் திருப்பும்போது நீங்கள் அறியாமலே லிவரைக் கீழேயும் பக்கத்திலும் அழுத்துவீர்கள். அந்த ஊசியும் புஷ்ஷும் ஏற்கெனவே தேய்ந்தவை, கியர் விழும் இடமே மாறிப்போகும். மேலே சொன்ன இரண்டு கை முறை இங்கே கட்டாயம்.

ஒரு நன்மையும் உண்டு. லிவர் படுத்திருப்பதால் எண்ணெய்த் திரி நன்றாக வேலை செய்யும். இன்னொன்று, சில லிவர்களில் குமிழை நேராக லிவரிலேயே வார்த்திருப்பார்கள், மரையே இருக்காது. சேரும் இடத்தில் கோடே தெரியாமல் இருந்தால், அதே மாடலின் உடைந்த லிவர் ஒன்றைப் புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

பீட்டில், எம்.ஜி. மாதிரி வெளிநாட்டு வண்டியில ஏதாவது விசேஷமா கவனிக்கணுமா?

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் லிவரை எடுப்பது சுலபம், அடியில் இரண்டு போல்ட்டுதான். அதனால் குமிழோடு வண்டிக்குள் போராட வேண்டாம், லிவரைக் கழற்றி வைஸில் மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அடியில் ஒரு தடுப்புத் தகடு இருக்கும். அது இருந்த இடத்தையும் திசையையும் கோடு கிழித்து அடையாளம் செய்துவிட்டு எடுங்கள். மாறிப்போனால் கியர் சரியாக விழாது, ரிவர்ஸ் தடுப்பும் போய்விடும்.

எம்.ஜி.பி.யில் 1977-லிருந்து ஓவர்டிரைவ் சுவிட்ச் குமிழின் தலையிலேயே வந்தது. அதன் ஒயர் லிவருக்குள் இறங்குகிறது. அதைக் கவனிக்காமல் குமிழைச் சுற்றினால் ஒயர் முறுக்கி அறுந்துவிடும். முதலில் பேட்டரி இணைப்பை எடுங்கள், பிறகு மேல் மூடியை நெம்பி ஒயரைப் பிரியுங்கள், அப்புறம்தான் திருகல். சில டிரயம்ப் வண்டிகளிலும் இதே அமைப்பு உண்டு.

முக்கால் சுத்து வந்துச்சு, அப்புறம் திரும்ப இறுகிடுச்சு. துரு விட்டுடுச்சுன்னு நெனச்சேன்.

விசையைக் கூட்டாதீர்கள். ஒன்று, துருத்தூள் மரைக்குள் உருண்டு அடைக்கிறது. அப்படியென்றால் அரைச் சுற்று திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்துங்கள். முன்னும் பின்னுமாகப் போனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக வரும்.

இரண்டாவது காரணம் மோசமானது: பொருந்தாத மரை. இது நம் ஊர் வண்டிகளில் நிறைய, ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948-இல் ஒரே அங்குல மரை முறைக்கு ஒப்புக்கொண்டன. அதற்குப் பிந்தைய பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் அந்த முறையின் நெருக்கமான பல் கொண்ட யூ.என்.எஃப். மரை. அதற்கு முந்தியவற்றில் பழைய பிரிட்டிஷ் மரையான பி.எஸ்.எஃப். வரும், அதன் பல்லின் கோணமே 55 டிகிரி, புதியதில் 60. ஃபியட்டும் ஃபோக்ஸ்வாகனும் மில்லிமீட்டர் மரை. இப்போது அளவைப் பாருங்கள். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. அதாவது 8 மி.மீ. குமிழ் அதில் ஏறுகிற மாதிரியே இருக்கும். ஒன்றிரண்டு சுற்று சுகமாகப் போகும். ஆனால் யூ.என்.எஃப்.பின் பல் இடைவெளி 1.06 மி.மீ., சாதாரண 8 மி.மீ. மரையில் 1.25. அதனால் மூன்றாவது சுற்றில் பல் மேல் பல் ஏறும். அங்கே நிறுத்தாமல் யாரோ முறுக்கி உட்காரவைத்திருப்பார்கள். முந்தைய சொந்தக்காரர் கடையில் கிடைத்த குமிழை மாட்டிய வண்டிகளில் நான் பார்த்த இறுக்கம் பாதிக்குப் பாதி இதுதான்.

அப்படி இருந்தால் வெளியே வரும்போது ஏதாவது ஒரு மரை சேதமாகத்தான் செய்யும். ஆறுதல் என்னவென்றால், அந்தக் குமிழ் உங்கள் வண்டியின் அசல் குமிழ் அல்ல. தயங்காமல் அடுத்த பதிலுக்குப் போகலாம்.

எல்லாம் பண்ணியாச்சு. வெட்டி எடுத்துடலாமா?

குமிழ் அசல் அல்ல, அல்லது ஏற்கெனவே உடைந்தது என்றால் வெட்டுங்கள். அசல் என்றால் லாக்டைட் கேள்வியில் சொன்ன லிவரை அறுக்கும் வழியை முதலில் யோசியுங்கள்.

வெட்டும்போது ஹேக்ஸா பிளேடால் மேலிருந்து கீழாக, எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு கோடு. உள்ளே பித்தளை மின்னியதும் நிறுத்தி, கோட்டில் அகலமான ஸ்குரூடிரைவரை வைத்துத் திருகினால் இரண்டாகப் பிரியும். பித்தளைக் குழாயையும் அதேபோல் ஒரு பக்கம் மட்டும் அறுத்து விரித்துவிடலாம், லிவரின் மரையைத் தொடாமல். பழைய பேக்கலைட் வார்ப்புகள் சிலவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கிறார்கள். அதனால் கிரைண்டர் வேண்டாம். தண்ணீர் தெளித்துக்கொண்டே கையால் அறுங்கள், முகமூடி போடுங்கள், தூளை ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

எனக்கு ரப்பர் உறையை மட்டும்தான் மாத்தணும். நாப்பைத் தொடாம முடியாதா?

லிவர் அடியில் கழலும் வண்டி என்றால் முடியும். லிவரை எடுத்து, உறையை அடிப்பக்கமாக மாட்டிவிடலாம். உறை நல்ல இளகிய ரப்பராக இருந்து குமிழ் சிறியதாக இருந்தால், வெந்நீரில் போட்டு எடுத்துச் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழின் மேலேயே இழுத்து இறக்கிவிடுவதும் உண்டு. ஹெரால்டில் எனக்கு அது சரிப்படவில்லை, உறை கிழிந்தது. உறையைப் பின்பக்கம் வெட்டி மாட்டி ஒட்டும் வழக்கமும் இருக்கிறது. ஒட்டு நிற்காது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

புதுக் குமிழ் வாங்க என்ன அளவு சொல்லணும்?

வண்டியின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், லிவரை அளந்து வாங்குங்கள். ஒரே மாடலில் வருஷத்துக்கு வருஷம் மாறும். பீட்டிலிலேயே 1967-க்கும் 1968-க்கும் நடுவில் 10 மி.மீ. 12 ஆனது. வெர்னியரால் மரையின் வெளிவிட்டத்தையும், மரை அளவுத் தகடால் பல் இடைவெளியையும் பாருங்கள். தகடு இல்லையென்றால் லேத் பட்டறைக்குப் போய் நட்டுகளைக் கையாலேயே ஏற்றிப் பாருங்கள். ஆறேழு சுற்று விரலாலேயே தடையில்லாமல் போகிற நட்டு எதுவோ அதுதான் உங்கள் மரை. ஏன் ஆறேழு என்பது மேலே பொருந்தாத மரை பற்றிச் சொன்னதில் இருக்கிறது.

திரும்ப மாட்டும்போது மறுபடி இறுகாம இருக்க என்ன போடணும்?

கம்பித் தூரிகையால் லிவர் மரையைச் சுத்தம் செய்து, சரியான அளவில் மரை வெட்டும் டையை ஒருமுறை கையால் ஓட்டுங்கள். துருவை எடுப்பதற்குத்தான், புதிதாக வெட்டுவதற்கு அல்ல. செம்பு கலந்த கிரீஸ் ஒரு பட்டாணி அளவு போதும், அது கிடைக்காவிட்டால் சாதாரண கிரீஸ். அதிகம் போட்டால் கோடையில் உருகிக் கைக்கு வரும். பசை எதுவும் தேவையில்லை. குமிழைக் கை இறுக்கமாக ஏற்றி, தலையில் உள்ள கியர் படம் நேராக நிற்கும் வரை பின்னுக்கு எடுத்து, அந்த நிலையில் லாக் நட்டைக் கீழிருந்து இறுக்குங்கள். லாக் நட்டு இல்லாத வண்டியில் குமிழ் ஆடினால் மரையில் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று.

வேற குமிழ் போட்டா விண்டேஜ் பதிவுக்குப் பிரச்சினை வருமா?

2021-இல் வந்த மத்திய அரசின் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, அசல் வடிவில் பராமரிக்கப்படும் வண்டிக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கும். அங்கே கேட்கப்படுவது சேஸி, பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது. கியர் குமிழ் அந்தக் கணக்கில் வராது.

பழைய கார்க் கண்காட்சிகளில் நடுவர்கள் பார்ப்பது வேறு. அவர்கள் முதலில் குனிந்து பார்க்கிற இடங்களில் கியர் லிவரும் ஒன்று. அதனால் கழற்றிய அசல் குமிழ் விரிசல் விட்டிருந்தாலும், நூல் சுற்றி, எந்த வண்டியுடையது என்று எழுதி, ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். இன்னொரு குமிழை அச்செடுக்க அது ஒன்றுதான் மாதிரி.